ஐந்து மணிக்குப் பிறகு கூப்பிடவும்

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பாடசாலைக்கு முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வந்தபோது எனக்குப் பதினொரு வயது. வந்தது ஒன்றல்ல, மூன்று. மூன்றுமே வேலை செய்யாதவை. எங்கேயோ ஒரு பெரிய பாடசாலை புதியவற்றை வாங்கிக்கொண்டு பழையவற்றை எங்களுக்கு அனுப்பியிருந்தது. ஆனாலும் வரவேற்பு பலமாகத்தான் நடந்தது. நாங்கள் இரண்டு வரிசையாக நின்று கைதட்டினோம். எங்கள் அதிபர், பெரிய சார் என்று நாங்கள் கூப்பிடுகிறவர், தேங்காய் உடைத்துவிட்டுச் சுவிட்சைப் போட்டார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தடவை கைதட்டச் சொன்னார். அதற்கும் ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு தவணை முழுவதும், மூன்று மாதம், அவை மூன்றும் நூலக அறையில் பூப்போட்ட படுக்கை விரிப்பொன்றைப் போர்த்திக்கொண்டு கிடந்தன. கடைசியில் பெரிய சார் என் மாமாவுக்குச் சொல்லியனுப்பினார்.

மாமா அம்மாவின் தம்பி. எங்களோடுதான் லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருந்தார். இரத்தினபுரி டவுனில் கம்ப்யூட்டர் திருத்தும் கடையொன்றில் வேலை செய்தார். காலையில் நிவித்திகலைக்கு இறங்கி பஸ் பிடித்தால் பொழுது சாயும்போதுதான் திரும்பி வருவார். அவருக்கு வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது என்பதுதான் அப்போது எங்கள் வீட்டின் பெரிய பிரச்சினை. இரண்டு இடங்களிலிருந்து மாப்பிள்ளை பார்க்க வந்தார்கள். முதல் ஆட்கள் தோட்டத்து வேலையா, கவர்ன்மென்ட் வேலையா என்று கேட்டார்கள். இரண்டும் இல்லை என்றதும் தேநீரை முடித்துக்கொண்டு எழுந்துவிட்டார்கள். இரண்டாவது ஆட்கள் ஊருக்குப் போய், “மாப்பிள்ள ஸ்குரூ கழட்டுறவராம்” என்று சொன்னதாகத் தரகர் வந்து சொன்னார். அம்மா அன்று முழுக்கப் பாத்திரங்களைச் சத்தமாக வைத்தாள்.

அந்த மாமாதான் ஒரு சனிக்கிழமை நூலக அறைக்குப் போய் மூன்று கம்ப்யூட்டர்களையும் பிரித்துப் போட்டார். நானும் கூடவே போனேன். யாரும் கூப்பிடவில்லை, துரத்தியும் பார்த்தார்கள். ஒன்றின் மூளையையும் இன்னொன்றின் வயிற்றையும் மூன்றாவதின் காற்றாடியையும் சேர்த்துப் பின்னேரத்துக்குள் ஒரு முழுக் கம்ப்யூட்டரை உண்டாக்கிவிட்டார். திரை நீலமாக வெளிச்சம் போட்டபோது பெரிய சார் பழக்கதோஷத்தில் தானே கைதட்டினார்.

எல்லாம் முடிந்ததும் மாமா அவருக்கு ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார். கம்ப்யூட்டரின் எலும்பு நரம்பு விவரமெல்லாம் எழுதியிருக்கும் பக்கம் அது.

“இந்த எடத்துலதான் சார் இத யாரு செஞ்சது, பழுதானா எந்த நம்பருக்குப் பேசணும், எத்தன மணிக்குப் பேசணும்னு கம்பெனிக்காரங்க போட்டிருப்பாங்க. இது மூணு மெஷினச் சேத்துக் கட்டுனது. எந்தக் கம்பெனி பேரப் போடுறது?”

பெரிய சார் யோசித்துவிட்டு, “நம்ம தோட்டத்துப் பேரையே போடுப்பா” என்றார்.

மாமா ஒரு சின்னக் கோப்பில் நாலைந்து வரிகள் எழுதினார். அதை இரண்டு தடவை தட்டினார். பக்கத்தை மறுபடி திறந்தபோது, செய்தவர் என்ற இடத்தில் எங்கள் தோட்டத்தின் பெயர் ஆங்கிலத்தில் நின்றது. உலகத்துப் பெரிய கம்பெனிகள் தங்கள் முத்திரையை வைக்கும் சின்னச் சதுரத்தில், மாமா மௌசைப் பிடித்து வரைந்த இரண்டு இலையும் ஒரு கொழுந்தும் இருந்தன. அது காக்கையின் காலடி மாதிரிதான் இருந்தது. ஆனால் பெரிய சாரின் கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து பாடசாலைக்கு யார் வந்தாலும், பேன் மருந்து கொடுக்க வருகிற நேர்ஸ் உட்பட, அந்தப் பக்கத்தைப் பார்க்காமல் போக முடியாது என்றாகிவிட்டது.

என் கவலை வேறு. அந்தப் பக்கத்தில் மூன்று இடங்கள் வெறுமையாக இருந்தன. மாடல், தொலைபேசி இலக்கம், பேசக்கூடிய நேரம். மாமா அவற்றை விட்டுவிட்டார். “நம்மள யாரு கூப்பிடப் போறா” என்றார். முந்தின வருடம்தான் நான் புலமைப்பரிசில் பரீட்சை எழுதியிருந்தேன். வினாத்தாளில் எந்த இடத்தையும் வெறுமையாக விடாதே, தெரியாவிட்டாலும் எதையாவது எழுது என்று ஒரு வருடம் முழுவதும் சொல்லிச் சொல்லி என்னைத் தயாரித்திருந்தார்கள். எதையாவது எழுதியதால் நான் அதில் சித்தியடையவில்லை. ஆனால் அந்தப் பழக்கம் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. காலியாகக் கிடக்கிற கட்டத்தைக் கண்டால் கை அரிக்கும்.

திங்கட்கிழமைகளில் கம்ப்யூட்டரைத் துடைக்கும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. மாமாவின் மருமகள் என்பதற்காகக் கிடைத்தது. அப்படி ஒரு திங்கட்கிழமை, தூசு துணியை மடியில் வைத்துக்கொண்டு, மாமா விட்டுப்போன அந்தச் சின்னக் கோப்பைத் திறந்தேன். அவர் தட்டிய விதமெல்லாம் என் கண்ணுக்குள் இருந்தது.

தொலைபேசி இலக்கத்துக்கு முதலில் மாமாவின் நம்பரைத்தான் நினைத்தேன். ஆனால் மாமா மாதத்துக்கொரு சிம் மாற்றுவார். எங்கள் குடும்பத்தில் மாறாத நம்பர் அம்மாவுடையதுதான். எனக்கு மனப்பாடமானதும் அது ஒன்றுதான். அதை எழுதினேன். பேசக்கூடிய நேரத்துக்கு உண்மையைத்தானே எழுதவேண்டும்? அம்மா மலையில் கொழுந்து பறித்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு வர ஐந்தாகும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கிழமையில் சேர்ந்த ஏழு நாள் உடுப்பைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போய்விடுவாள். இதையெல்லாம் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சுருக்கமாக எழுதினேன்: ஆஃப்டர் ஃபைவ். சண்டே நோ. வாஷிங்.

மாடல் என்றால் என்னவென்று தெரியவில்லை. எதையாவது எழுது என்ற விதிப்படி எங்கள் முகவரியை எழுதினேன். நாலாம் லயம், கோயிலுக்குப் பின்னால்.

கோப்பை இரண்டு தடவை தட்டியதும் மஞ்சள் முக்கோணத்தோடு ஒரு எச்சரிக்கை வந்தது. இப்படிச் செய்தால் கம்ப்யூட்டர் சரியாக வேலை செய்யாமல் போகலாம், நிச்சயமாகத்தான் சொல்கிறாயா என்று கேட்டது. வீட்டிலோ பாடசாலையிலோ அதுவரை ஒருவரும் என்னிடம் எதற்கும் நிச்சயமாகத்தான் சொல்கிறாயா என்று கேட்டதில்லை. ஆம் என்பதை அழுத்தினேன். பக்கம் நிறைந்துவிட்டது. ஒரு காலி இடமும் இல்லை. அன்று மதியம் எனக்கு நன்றாகப் பசித்தது.

இரண்டு கிழமை கழித்து, வலயக் கல்விக் கந்தோரிலிருந்து ஓர் இளம் கிளார்க் வந்து பாடசாலையின் மேசை, நாற்காலி, விளக்குமாறு எல்லாவற்றையும் எண்ணிப் பதிவேட்டில் எழுதினார். கம்ப்யூட்டர் முறை வந்ததும் பெரிய சார் வழக்கம்போல அந்தப் பக்கத்தைத் திறந்து, தோட்டத்தின் பெயரை விரலால் காட்டினார். அவர் பார்வை அந்தப் பெயரோடும் காக்கைக் காலோடும் நின்றுவிட்டது. கிளார்க் எதையும் படித்துப் பார்க்கவில்லை, பார்த்து எழுதினார். செய்தவர், மாடல், நம்பர், நேரம். நான் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தேன். நான் எழுதியதை ஓர் அரசாங்க உத்தியோகத்தர் பார்த்து எழுதுகிறார்! அந்தப் பெருமையை யாரிடமும் சொல்ல முடியவில்லை. சில நாளில் மறந்தும் போனேன்.

மாதங்கள் போயிருக்கும். ஒரு பின்னேரம் நானும் அம்மாவும் பீலியில் இருந்தோம். மலையிலிருந்து வரும் தண்ணீர் மூங்கில் குழாய் வழியாக விழுகிற இடம். ஐந்து மணிக்கு மேல் லயத்துப் பெண்கள் எல்லோரும் அங்கேதான் இருப்பார்கள். வாளிச் சத்தம், தண்ணீர்ச் சத்தம், அதற்கு மேல் பேச்சுச் சத்தம். அம்மாவின் இடுப்பில் பொலித்தீன் பைக்குள் சுற்றிவைத்திருந்த போன் அடித்தது. ஈரக் கையால் எடுத்துக் காதில் வைத்தாள்.

பேசியவர் சிங்களத்தில் பேசினார். எங்கள் பக்கத்தில் அது புதிதல்ல. அம்மா தமிழில் எப்படிப் பேசுவாளோ அப்படியே சிங்களமும் பேசுவாள். ஆனால் முதல் வார்த்தையிலேயே நிமிர்ந்து நின்றுவிட்டாள். அவர் அவளை ‘நோனா’ என்று மரியாதையாகக் கூப்பிட்டாராம். கங்காணியிலிருந்து கணக்கப்பிள்ளை வரை யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை.

பிறகு அவர் கேட்டது இது: “நோனாத ஹெதுவே?”

சிங்களத்தில் ஒரு பொருளைச் செய்வதற்கும் ஒரு பிள்ளையை வளர்ப்பதற்கும் ஒரே சொல்தான். அவர், இதைச் செய்தது நீங்களா என்று கேட்டார். அம்மா, இவனை வளர்த்தது நீங்களா என்று விளங்கிக்கொண்டாள். அவளுடைய தாய் இறந்தபோது மாமாவுக்கு ஆறு வயது, அம்மாவுக்குப் பதினாறு. இந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று இருபத்திமூன்று வருடமாகக் காத்திருந்தவள் மாதிரி, “ஆமாங்க, நான்தான்! ஆறு வயசுலருந்து நான்தான்!” என்று சிங்களத்தில் கத்தினாள். ஆறு வருடம் உழைத்த மெஷினா என்று அவர் ஆச்சரியப்பட்டாராம். இதெல்லாம் பிற்பாடு அவரே சொன்னது.

கரைச்சல், தொந்தரவு ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். ஒரு கரைச்சலும் இல்லை என்றாள் அம்மா. சூடாகுமா என்று கேட்டார். எவ்வளவு வேலை கொடுத்தாலும் சூடாகாது, அவ்வளவு பொறுமை என்றாள். சத்தம் போடுமா என்றார். இருக்கிற இடமே தெரியாது என்றாள். அவருக்குத் திருப்தி. எங்களிடமும் ஏழு இருக்கிறது, எல்லாம் வருடக்கணக்காகச் சும்மா கிடக்கிறது, சனிக்கிழமை ஐந்து மணிக்குப் பிறகு பார்க்க வரலாமா, நாலாம் லயம் கோயிலுக்குப் பின்னால்தானே என்று கேட்டுவிட்டு வைத்தார்.

அம்மா போனைப் பையில் சுற்றவும் மறந்து அப்படியே நின்றாள்.

“டவுன் ஆளுங்கடி. தரகர் சொன்னாரே, வீட்டுக்குள்ளயே சிங்களந்தான் பேசுவாங்கன்னு, அவங்கதான் போல. அட்ரஸ் எல்லாம் கேட்டு வச்சிருக்காங்க. எவ்ளோ மரியாதையான மனுசன்!” பிறகு குரலைத் தாழ்த்தி, பீலியில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னாள்: “ஏழு பொம்பளப் புள்ளைங்களாம். எல்லாம் வீட்டோடயே கெடக்குதுங்களாம். பாவம்.”

எனக்கும் பாவமாகத்தான் இருந்தது.

சனிக்கிழமைக்குள் எங்கள் வீட்டு முன்சுவர் வெள்ளையாகிவிட்டது. அப்பா கோயிலிலிருந்து ஆறு பிளாஸ்டிக் கதிரைகளைத் தலையில் சுமந்து வந்தார். அம்மா அரைநாள் வேலையோடு திரும்பி உளுந்து வடையும் கேசரியும் செய்தாள். மாமா இரண்டு தடவை சவரம் செய்து, நாடியில் வெட்டிக்கொண்டு, வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். “ஏழுல எது அக்கா?” என்று ஒரு தடவை கேட்டார். “மூத்ததாத்தான் இருக்கும். பேசாம இரு” என்றாள் அம்மா.

நாலேமுக்காலுக்குத் திரீவீலர் ஒன்று கோயில்வரை ஏறி வந்து நின்றது. கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் கையில் ஃபைலோடு இறங்கினார். அவருக்குப் பின்னால் நீலப் பருத்திச் சேலை கட்டி, குடை பிடித்த ஒரு இளம்பெண் இறங்கினார். இருவரும் எங்கள் வீட்டைப் பார்த்தார்கள்; பெரியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்தாகும்வரை கோயில் வாசலிலேயே நின்றார்கள்.

“நல்ல நேரம் பாக்குறாங்க” என்று அம்மா மெதுவாகச் சொன்னாள். அடுத்த நொடியே என் தோளைப் பிடித்து உலுக்கினாள். “ஐயையோ, பொண்ணையே கையோட கூட்டிட்டு வந்துட்டாங்க!”

ஐந்தடித்ததும் வந்தார்கள். அம்மா பெரியவரை மாமாவுக்கு எதிரே உட்காரவைத்துவிட்டு, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து நேரே உள்ளே கூட்டிப் போய்விட்டாள். வாசல் நிலையில் நான். இரண்டு பக்கமும் எனக்குக் கேட்டது.

உள்ளே அம்மா அவருக்கு நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டாள். அவர் திகைத்துப் போய், ஆனால் மறுக்காமல், குனிந்து வாங்கிக்கொண்டார்.

“நீங்க எத்தனாவதும்மா?” என்றாள் அம்மா, ஏழு பேரை மனதில் வைத்து.

“ஆறுல இருந்து பதினொண்ணு வரைக்கும்ங்க” என்றார் அவர்.

“பதினொண்ணா!” அம்மாவின் கை கேசரித் தட்டோடு அப்படியே நின்றது. “போன்ல ஏழுன்னுதானேம்மா சொன்னாங்க?”

“ஏழும் எடுப்பேன்” என்றார் அவர், சிரித்தபடி.

வெளியே பெரியவர் இரண்டாவது வடையை முடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். ஏழையும் ஒரேயடியாக எடுத்துக்கொள்கிறீர்களா, அல்லது ஒவ்வொன்றாகவா என்று சிங்களத்தில் கேட்டார். மாமாவுக்குப் புரையேறியது. அப்பா அவர் முதுகில் தட்டினார். தண்ணீர் குடித்துக் குரல் வந்ததும், “எனக்கு ஒண்ணு போதும் மாத்தயா” என்றார் மாமா.

“ஒன்று போதுமா? மற்ற ஆறையும் என்ன செய்வது? உங்கள் கம்பெனி அவ்வளவு சின்னதா?”

“என்ன கம்பெனி?”

பெரியவர் ஃபைலைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார். முதலில் எங்கள் தோட்டத்தின் பெயர். “மாடல்: நாலாம் லயம், கோயிலுக்குப் பின்னால்.” பிறகு அம்மாவின் நம்பர். “நேரம்: ஆஃப்டர் ஃபைவ். சண்டே நோ. வாஷிங்.”

மாமா தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு தலையை மெதுவாகத் திருப்பி என்னைப் பார்த்தார். அவர் கோபமாகப் பார்த்திருந்தால் ஓடியிருப்பேன். அவர் முகத்தில் பயம்தான் இருந்தது. பெரியவர் தான் கல்விக் கந்தோரில் கம்ப்யூட்டர்களுக்குப் பொறுப்பான அதிகாரி என்றும், கூட வந்திருப்பது பக்கத்துத் தமிழ்ப் பாடசாலையின் கம்ப்யூட்டர் டீச்சர் என்றும், தமிழ் பேசுகிற கம்பெனியாக இருக்குமோ என்று துணைக்கு அழைத்துவந்ததாகவும் சொன்னார். இப்போது அவர் சிரிக்கவில்லை.

“இது அரசாங்கப் பதிவேடு. இல்லாத கம்பெனியை இதில் எழுதவைத்தது யார்? பொய் விவரம் கொடுப்பது குற்றம் என்று தெரியுமா? உங்கள் அதிபர்தான் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறார்.”

அம்மா வாசலுக்கு வந்து நின்றாள். அவளுக்கு இன்னும் முழுதாக விளங்கவில்லை, ஆனால் மாமாவின் முகம் விளங்கியது. பெரிய சாரைப் பொலிஸ் பிடித்துப்போவது என் கண் முன்னால் ஓடியது. மாமாவின் கடை வேலை போய்விடும், இனி ஒரு சம்பந்தமும் வராது, எல்லாம் ஒரு காலி இடத்தால். என் கால்கள் என்னைக் கேட்காமலே முன்னால் போயின.

“நாந்தான் எழுதுனேன்” என்றேன். “ஆனா பொய் எழுதல.”

அதிகாரி டீச்சரைப் பார்த்தார். டீச்சர் எனக்குப் பக்கத்தில் வந்து நின்று அதைச் சிங்களத்தில் சொன்னார். எனக்கு அழுகையும் வேகமும் சேர்ந்து வந்தது.

“அந்த நம்பர் எங்கம்மாவோடதுதான். கூப்பிட்டா எடுப்பாங்க. அஞ்சு மணிக்குப் பொறகுதான் வருவாங்க, அதான் அப்பிடிப் போட்டேன். ஞாயித்துக்கெழம உடுப்புத் தொவைக்கப் போறது உண்மை, யாரவேணா கேளுங்க. நாலாம் லயம் இதுதான். கோயில் அந்தா இருக்கு. மாமாதான் அந்தக் கம்ப்யூட்டரச் செஞ்சாங்க. இதுல எது பொய்?”

டீச்சர் ஒவ்வொரு வரியாக மொழிபெயர்த்தார். உடுப்புத் துவைக்கும் இடத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டார். அதிகாரி கேட்டு முடித்துச் சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்தார். தாளை முழங்காலில் வைத்தார். நம்பர், கூப்பிட்டார், எடுத்தார்கள். ஒரு சரி போட்டார். நேரம்; ஐந்து மணிக்குப் பிறகு கூப்பிட்டார், ஆள் இருந்தது. ஒரு சரி. அம்மாவைப் பார்த்து, “ஞாயிற்றுக்கிழமை?” என்றார். அம்மா, “காலையில மட்டுந்தான் மாத்தயா, பத்து மணிக்கெல்லாம் வந்துருவேன்” என்றாள் மன்னிப்புக் கேட்கிற குரலில். அதற்கும் ஒரு சரி. நாலாம் லயம், எழுந்து வாசலில் நின்று கோயிலின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு, அதற்கும்.

பிறகு அவர் உட்கார்ந்து சொன்னது இதுதான். வலயத்துப் பதிவேட்டில், பாடசாலைக்கு ஒன்றாக இருந்த எட்டுக் கம்ப்யூட்டர்களில் ஏழு பழுது. ஏழுக்கும் எழுதியிருந்த நம்பர்களுக்குக் கூப்பிட்டுப் பார்த்தார். சில வெளிநாட்டுக்குப் போயின. சில இல்லவே இல்லை. ஒன்றில் மணிக்கணக்காகப் பாட்டுப் பாடியது. எட்டாவதைப் பற்றி மட்டும் ஒரு முறைப்பாடும் இல்லை. அது ஏன் பழுதாகவில்லை என்று கேட்கத்தான் கடைசியாக அந்த நம்பரை எடுத்தார். “முப்பது வருட சேவையில் கூப்பிட்டதும் எடுத்த கம்பெனி இது ஒன்றுதான்” என்றார். “கேட்ட கேள்விக்கெல்லாம் பதிலும் சொன்னார்கள்.”

“அப்ப அந்த ஏழு...?” என்றாள் அம்மா.

“ஏழும் கம்ப்யூட்டர்தான் அக்கா” என்றார் மாமா.

அம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். முதலில் அவள் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்தேன். பிறகுதான் சத்தம் வந்தது. பொறுமைசாலி என்றது, சூடாகாது என்றது, வீட்டோடு கிடக்கிற ஏழு பெண்களுக்காகப் பாவப்பட்டது எல்லாவற்றையும் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். டீச்சர் அதை அதிகாரிக்கு மொழிபெயர்க்க முயன்று முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டார். அதிகாரிக்கு விஷயம் புரிய அரை நிமிடமானது. புரிந்ததும் அவர் சிரித்த சிரிப்பில் திரீவீலர்க்காரர் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார். அவருக்கும் வடை கொடுத்தோம். மாமா மட்டும் வேட்டியை இறுக்கிக் கட்டியபடி, தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். டீச்சர் போகும்போது அம்மா அவர் கையைப் பிடித்து, தெரியாமல் நடந்துவிட்டது என்றாள். பரவாயில்லைங்க என்றார் டீச்சர். நெற்றிக் குங்குமத்தை அவர் துடைக்கவில்லை.

அதன்பிறகு சனிக்கிழமைகள் எங்களுக்குத் திருநாளாகிவிட்டன. அந்த ஏழு பாடசாலைகளுக்கும் போய்க் கம்ப்யூட்டர்களைத் திருத்திக் கொடுக்க மாமாவை அதிகாரி நியமித்தார். எனக்கு மாமா ஒரு தண்டனை விதித்தார்: ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் அந்தப் பக்கத்தை ஒழுங்காக, பிழையில்லாமல், அவருக்கு முன்னால் நான் நிரப்பவேண்டும். மாடல் என்றால் என்ன என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். மாமா சிம் மாற்றுவதை நிறுத்திவிட்டார். அவருடைய நம்பர், காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை. ஏழு பாடசாலைகளில் ஆறில் அப்படித்தான் எழுதினேன்.

ஏழாவது, அந்த டீச்சரின் பாடசாலை. அங்கே மட்டும் மாமா என்னை எழுதவிடாமல் தானே எழுதினார். பார்த்தால், பேசக்கூடிய நேரம் என்ற இடத்தில் எந்நேரமும் என்று போட்டிருந்தார். “மாமா, இது பொய். நீங்க தூங்குற நேரத்துல எப்பிடி எடுப்பீங்க?” என்று கேட்டேன். அரசாங்கப் பதிவேட்டில் பொய் எழுதக்கூடாது என்று அதிகாரி சொன்னதையும் நினைவூட்டினேன். “இது ஒண்ணு இருந்துட்டுப் போகட்டும்” என்றார்.

அந்த ஒரு கம்ப்யூட்டர்தான் எங்களைப் படாதபாடு படுத்தியது. மற்ற ஆறும் ஒரு தடவை திருத்தியதோடு ஒழுங்காக ஓடின. இது மட்டும் இரண்டு கிழமைக்கொரு தடவை படுத்துவிடும். டீச்சர் போன் செய்வார். மாமா சவரம் செய்துகொண்டு கிளம்புவார். அம்மா என்னையும் கூட அனுப்புவாள். திரும்பி வந்ததும் அடுப்படியில் உட்காரவைத்து என்ன நடந்தது என்று கேட்பாள். நான் காற்றாடியில் தூசு, வயர் இளகியிருந்தது என்று விவரமாகச் சொல்வேன். அவளுக்கு அது போதாது. டீச்சர் என்ன சேலை, தேத்தண்ணி கொடுத்தார்களா, எவ்வளவு நேரம் இருந்தீர்கள் என்றெல்லாம் கேட்பாள். கம்ப்யூட்டர் பழுதுக்கும் சேலைக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு எரிச்சலாக வரும். தரகரைத் தேடிப் போவதையும் அவள் அந்த மாதங்களில் விட்டிருந்தாள். மாமாவின் கலியாணத்தில் இவளுக்கு அக்கறை குறைந்துவிட்டதே என்று மனதுக்குள் கோபப்பட்டேன்.

நாலாவது தடவை போனபோது நானே துப்புத் துலக்கினேன். மாமா திருகாணிகளைக் கழற்றிக்கொண்டிருக்க, நான் மேசைக்குப் பின்னால் புகுந்து பார்த்தேன். திரைக்குப் போகும் வயர் பாதி இழுபட்டிருந்தது. போன தடவையும் அதே வயர், அதே இடம். தானாக ஒரு வயர் அப்படி வராது; அதைப் பிடிக்கிற இரண்டு திருகுகளையும் யாரோ கையால் தளர்த்தியிருந்தார்கள். வெளியே வந்து, கையிலிருந்த தூசைத் தட்டிக்கொண்டு, டீச்சருக்கு முன்னால் நின்றேன்.

“டீச்சர், இது பழுதில்ல. யாரோ வேணும்னே கழட்டுறாங்க. உங்க ஸ்கூல்ல ஒரு கள்ளப் புள்ள இருக்கு. நேத்துக் காலையில வேல செஞ்சிச்சுன்னு பிள்ளைங்க சொன்னாங்க. அப்ப நேத்துப் பின்னேரந்தான் கழட்டியிருக்கணும். கண்டுபிடிச்சு நல்லா அடி போடுங்க.”

டீச்சரின் முகம் காதுவரை சிவந்தது. தன் பாடசாலையில் இப்படி நடந்ததற்கு வெட்கப்படுகிறார் என்று நினைத்து எனக்குப் பரிதாபமாக இருந்தது. “கண்டுபிடிக்கிறேன்” என்றார், மேசையைப் பார்த்தபடி.

அந்த நேரம் பார்த்து மாமாவின் கையிலிருந்து ஒரு திருகாணி விழுந்தது. அதைத் தேடி அவர் மேசைக்கடியில் போனார். போனவர் வெகுநேரமாகியும் வரவில்லை. உதவலாம் என்று நானும் மண்டியிட்டுக் குனிந்தேன். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். திருகாணி அவர் உள்ளங்கையிலேயே இருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

“அதான் கெடச்சிருச்சே மாமா” என்றேன்.

“இன்னொண்ணும் விழுந்துச்சு” என்றார். “நீ தேடிட்டு இரு, நான் இந்தா வாறேன்.” என்னைத் தாண்டித் தவழ்ந்து வெளியே போனார்.

நானும் தேடினேன். மேலே இருவரும் தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது. கைக்கு எட்டிய தூசையெல்லாம் துழாவி, தரையின் ஒவ்வொரு வெடிப்பிலும் விரலை விட்டு, கிடைக்கும்வரை வெளியே வருவதில்லை என்ற பிடிவாதத்தோடு தேடிக்கொண்டே இருந்தேன்.